வெளியே நிற்கும் இரண்டு கிராம்

வெள்ளவத்தை காலி வீதியில் தம்பிலிக் குலைகளுக்கும் பஞ்சமில்லை, இரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கும் பஞ்சமில்லை. ரிப்போர்ட்டில் பொட்டாசியத்துக்கு எதிரே, லீற்றருக்கு ஏறக்குறைய 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை இயல்பு என்று போட்டிருக்கும். சாப்பிட்டபின் இரத்தத்தில் சீனி ஒன்றரை மடங்கானால் யாரும் கலங்குவதில்லை. பொட்டாசியம் ஒன்றரை மடங்கானால் டொக்டர் உடனே ஈசிஜி எடுக்கச் சொல்வார். ஏன் இந்தக் கெடுபிடி?

70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் சுமார் 130 கிராம் பொட்டாசியம் இருக்கிறது. அதில் 98 சதவீதம் கலங்களுக்குள் அடக்கம். இரத்த நீரிலும் கலங்களைச் சூழ்ந்த திரவத்திலும் இருப்பது இரண்டு கிராம் சொச்சம்தான். கலத்துக்குள் லீற்றருக்கு 140 மில்லிமோலுக்கு மேல். வெளியே வெறும் 4. நரம்பின் மின்துடிப்பும் இதயத்தின் லயமும் இந்த ஏற்றத்தாழ்வை நம்பித்தான் நடக்கின்றன. அதைக் காப்பது கலச் சவ்விலுள்ள ஒரு பம்பு: மூன்று சோடிய அயன்களை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசிய அயன்களை உள்ளே இழுக்கும். 1957இல் இதைக் கண்டறிந்த டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூவுக்கு 1997இல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது தம்பிலிக்கு வருவோம். அரை லீற்றர் இளநீரில் ஏறக்குறைய ஒரு கிராம் பொட்டாசியம் உண்டு. அத்தனையும் கலங்களுக்கு வெளியே தங்கினால் 4 என்ற அளவு 6ஐ நெருங்கிவிடும். ஆனால் குடித்தவர் வாயைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார். இன்சுலின் தூண்ட, கலங்கள் அதை உள்ளே வாங்கிக்கொள்கின்றன. பிறகு சிறுநீரகம் ஆறுதலாக வெளியேற்றிவிடுகிறது.

சிறுநீரகம் பழுதானவருக்கு அந்த வாசல் அடைபட்டுவிடுகிறது. அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து விவசாயிகளை 1990கள் முதல் வாட்டும் சிறுநீரக நோய்க்கு ஆளானவர்களானாலும் சரி, மாளிகாவத்தையில் டயலிசிஸுக்குக் காத்திருப்பவர்களானாலும் சரி, இளநீரையும் வாழைப்பழத்தையும் கணக்குப் பார்த்தே தொடவேண்டும். பிரஷருக்குக் கொடுக்கும் லொசார்டான் போன்ற மாத்திரைகளும், பொட்டாசியம் சேர்த்த ‘சோடியம் குறைந்த’ உப்பும் அளவை இன்னும் ஏற்றக்கூடும். மறுபக்கம், கடும் வயிற்றோட்டமும் சிறுநீர் போக்கும் மாத்திரைகள் பலவும் அளவை இறக்கும். தசைகள் சோரும், இதயத் துடிப்பு தடுமாறும்.

அளவு மிக ஏறிவிட்டால் முதலில் கல்சியம் ஊசி. அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்தைக் காக்கும். அடுத்து குளுக்கோஸுடன் இன்சுலின். பொட்டாசியத்தைச் சில மணி நேரத்துக்குக் கலங்களுக்குள் ஒதுக்கிவைக்கும். உடலை விட்டு வெளியேற்றுவது அதற்குப் பிந்திய வேலை.

ரிப்போர்ட்டே பொய் சொல்வதும் உண்டு. கையில் பட்டியை இறுக்கிக் கட்டி, விரல்களை மடக்கி மடக்கி விரித்தாலோ, குழாயில் சிவப்பணுக்கள் உடைந்தாலோ, உள்ளிருந்த பொட்டாசியம் கசிந்து கணக்கை ஏற்றிவிடும். அதனால்தான் மறுபடி இரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று அதைத் தள்ளிப்போடக் கூடாது. உண்மையாகவே ஏறிய பொட்டாசியமும் பல நேரம் எந்த அறிகுறியும் காட்டாது.