புள்ளிகளும் அவற்றின் வரிசையும்

வெளி என்பது இடைவெளியின்றித் தொடர்வது, எவ்வளவு நுணுக்கிப் பகுத்தாலும் மேலும் பகுக்கத்தக்கது என்ற கருத்தின்மீதே இயற்பியலின் பெரும்பகுதி எழுப்பப்பட்டுள்ளது. ஆயினும் ஜெர்மானியக் கணித அறிஞர் பெர்ன்ஹார்ட் ரீமான் 1854இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையிலேயே இதற்கு மாற்றான வழியையும் சுட்டியிருந்தார்: தொடர்ச்சியான வெளிக்கு அளவின் அடிப்படையைப் புறத்தே தேட வேண்டியிருக்க, தனித்தனிக் கூறுகளால் ஆன வெளியிலோ கூறுகளை எண்ணினாலே அளவு கிடைத்துவிடும்.

அத்தகைய வெளியைக் கற்பனை செய்வோர் முதலில் சதுரக் கட்டங்களாலான வலையையே எண்ணுவர். அது பொருந்தாது என்பதை எளிய கணக்கொன்று காட்டிவிடும். பக்கம் 1 மீட்டர் உள்ள சதுரத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நேர்க்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 1.41 மீட்டர், கட்டங்களின் ஓரமாகவே செல்வதெனில், அவற்றை எத்தனை சிறிதாக்கினாலும் அத்தூரம் 2 மீட்டராகவே இருக்கும். சிறிதாக்குவதால் மட்டும் தொடர்ச்சி பிறப்பதில்லை. ஒழுங்கான வலை தன் திசைகளை எந்த அளவிலும் விடுவதில்லை, உலகின் வெளிக்கோ தனிச்சிறப்புடைய திசை எதுவும் இல்லை.

1987இல் பொம்பெல்லி, லீ, மேயர், சோர்கின் ஆகிய நால்வரும் முன்வைத்த காரணக் கணக் கோட்பாடு இத்தடையை வேறு வகையில் கடக்கிறது. வெளியையும் காலத்தையும் இணைத்த காலவெளியை அது நிகழ்வுகளின் தொகுப்பாகக் கொண்டு, எந்த நிகழ்வு எதைப் பாதிக்கக்கூடும் என்ற முன்பின் உறவை மட்டுமே அடிப்படையாக ஏற்கிறது. ஒரு பகுதியிலுள்ள நிகழ்வுகளின் எண்ணிக்கை அதன் கனஅளவைத் தருகிறது. இரு நிகழ்வுகளுக்கிடையே முன்பின்னாகத் தொடரும் நிகழ்வுகளின் மிக நீண்ட சங்கிலி, அவற்றுக்கிடையே கழிந்த காலத்தைத் தருகிறது. நிகழ்வுகளுக்கிடையிலான அளவு, 1.6 × 10⁻³⁵ மீட்டரான பிளாங்க் நீளத்தை ஒட்டியது எனக் கருதப்படுகிறது. முற்றத்தில் விழும் முதல் தூறலைப்போல் நிகழ்வுகள் ஒழுங்கின்றிச் சிதறியிருப்பதே இக்கோட்பாட்டின் வலிமை. எந்த வேகத்தில் செல்பவருக்கும் அச்சிதறல் ஒரே தன்மையதாகத் தோன்றுவதால் சார்பியல் விதி குலையாமல் நிற்கிறது.

ஆனால் மெய்யான சிக்கல் இதன் பிறகே தொடங்குகிறது. காலவெளியில் புள்ளிகளைத் தூவுவது எளிது; புள்ளிகளிலிருந்து காலவெளியை எழச் செய்வது அரிது. முன்பின் உறவுடைய பெருங்கணங்களுள் ஏறக்குறைய அனைத்தும் மூன்றே அடுக்குகள் கொண்டவை என்று கிளைட்மனும் ராத்ஸ்சைல்டும் 1975இலேயே நிறுவினர். அத்தகைய உலகில் வரலாறு மூன்றே படிகளில் முடிந்துவிடும். மூன்றடுக்குக் கணங்களின் பெரும் எண்ணிக்கையை மீறி நான்கு பரிமாணக் காலவெளி மேலோங்கும்படி செய்யும் இயக்கவிதி எது என்பதையே, பெங்களூரு இராமன் ஆராய்ச்சி நிலையத்தின் சுமதி சூர்யா உள்ளிட்ட ஆய்வாளர்கள் இப்போது தேடிவருகின்றனர்.