வெப்ப எச்சரிக்கையை நம்பலாமா? நோயாளிகளுக்கும் பராமரிப்போருக்கும் ஒரு விளக்கம்

கோடைக்காலத்தில் உங்கள் கைப்பேசிக்கு வெப்ப எச்சரிக்கை வருகிறது. ஆனால் நீங்கள் அஞ்சிய அளவுக்கு அன்று வெயில் இல்லை. மாலையில் மழையும் பெய்துவிடுகிறது. அடுத்த முறை எச்சரிக்கை வரும்போது அதைப் படிக்காமலே நீக்கிவிடத் தோன்றும். வீட்டில் இதய நோயாளியோ, டயாலிசிஸ் செய்துகொள்பவரோ, படுக்கையில் இருக்கும் முதியவரோ இருந்தால், அந்த அலட்சியம் பெரும் தீங்கில் முடியலாம். எச்சரிக்கை எவ்வாறு உருவாகிறது, அதில் எதை எந்த அளவுக்கு நம்பலாம், பொது அறிவுரை எந்த இடத்தில் உங்களுக்குப் பொருந்தாது என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

எச்சரிக்கை எதைச் சொல்கிறது?

இந்திய வானிலை ஆய்வுத் துறை, பகல்நேர உச்ச வெப்பநிலை சமவெளியில் 40 டிகிரி செல்சியஸையும், கடலோரத்தில் 37 டிகிரியையும், மலைப்பகுதியில் 30 டிகிரியையும் எட்டிய பின்னரே வெப்ப அலை குறித்துப் பரிசீலிக்கிறது. அத்துடன் அவ்விடத்தின் வழக்கமான வெப்பநிலையைவிட அது குறைந்தது 4.5 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். சமவெளியில் 45 டிகிரியைத் தொட்டுவிட்டால் இந்த ஒப்பீடு தேவையில்லை.

கடலோரத்துக்கு வரம்பு ஏன் குறைவு? உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் முக்கிய வழி வியர்வை. வியர்வை வழிவதால் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற ஊர்களில் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. எனவே வேலூரின் 40 டிகிரியைவிடச் சென்னையின் 37 டிகிரி ஒரு நோயாளிக்குக் கூடுதலான சுமையைத் தரக்கூடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வானிலை நிலையத்தின் வெப்பமானி, காற்றோட்டமுள்ள வெள்ளை நிறப் பெட்டிக்குள், நிழலில் வைக்கப்படுகிறது. தகரக் கூரை அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரையின்கீழ் உள்ள அறை அதைவிடச் சூடாக இருக்கலாம். கான்கிரீட் மாடியோ பகலில் வாங்கிய சூட்டை இரவில் அறைக்குள் இறக்குகிறது. ஆகவே, வெப்ப அலை என அறிவிக்கப்படாத நாள் உங்கள் வீட்டு நோயாளிக்குப் பாதுகாப்பான நாள் என்று பொருளல்ல.

கணிப்பு சில நாள்களில் தவறுவது உண்மையே. கடலோரத்தில் அதற்குப் பெரும்பாலும் காரணம் கடற்காற்று. அது முற்பகலிலேயே கரையேறினால் வெப்பம் அதற்கு மேல் உயராது. பிற்பகல்வரை தாமதித்தால் அதே நாள் கொதித்துவிடும். சில மணி நேர வேறுபாட்டில் இரண்டு மூன்று டிகிரி மாறிவிடுகிறது. எச்சரிக்கை கொடுத்து வெயில் குறைந்துபோவதால் ஏற்படும் இழப்பு, எச்சரிக்காமல் வெயில் கொளுத்துவதால் ஏற்படும் இழப்பைவிட மிகச் சிறியது என்பதால், ஐயமுள்ள நாளிலும் எச்சரிக்கை தரப்படுகிறது.

‘எந்தக் காலத்தில்தான் வெயில் இல்லை?’

இக்கேள்வியைப் பெரியவர்கள் அடிக்கடி கேட்கின்றனர், நியாயமான கேள்வியே. நீரிழிவு நோயாளிகளுக்கு இதன் விடை எளிதில் விளங்கும். ஒரு நாள் காலையில் எடுத்த வெறும்வயிற்றுச் சர்க்கரை அளவு முந்தைய நாள் உணவைப் பொறுத்து ஏறும், இறங்கும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையோ நோயின் போக்கைச் சொல்லும். ஒரு நாள் வெயில் முதலாவதைப் போன்றது. காலநிலை இரண்டாவதைப் போன்றது. நம் நாட்டில் 1901 முதல் பதிவான ஆண்டுகளில் மிக வெப்பமானது 2024. அவ்வாண்டின் சராசரி வெப்பநிலை, 1991 முதல் 2020 வரையிலான சராசரியைவிட 0.65 டிகிரி கூடுதல். சராசரியில் சிறிதாகத் தெரியும் இந்த உயர்வு, உச்ச வெப்பம் நிலவும் நாள்களின் எண்ணிக்கையைக் கூட்டிவிடுகிறது.

குறிப்பிட்ட ஒரு நாளின் வெயிலுக்குக் காலநிலை மாற்றம் மட்டுமே காரணம் என்று எந்த அறிவியலாளரும் கூறுவதில்லை. புகைப்பவர் ஒருவருக்கு மாரடைப்பு வரும்போது மருத்துவர் சொல்வதைப் போலவே, வாய்ப்பு எவ்வளவு கூடியது என்றே கூறுகின்றனர்.

இறப்பு எண்ணிக்கைகள் ஏன் முரண்படுகின்றன?

வெயிலால் இறந்தவர்கள் சிலரே என்று ஒரு செய்தியும், ஆயிரத்துக்கும் மேல் என்று மற்றொரு செய்தியும் வரும்போது மக்களின் நம்பிக்கை குலைகிறது. இவ்விரு எண்களும் பெரும்பாலும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் வெப்பநிலை 46.8 டிகிரியை எட்டியது. பின்னர் ஆய்வாளர்கள் அம்மாதத்தின் அனைத்து இறப்புகளையும் எண்ணி, முந்தைய, பிந்தைய ஆண்டுகளின் மே மாதத்தோடு ஒப்பிட்டனர். 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தனர். இவர்களில் பெரும்பாலோரின் சான்றிதழில் ‘வெப்பம்’ என்ற சொல் இருக்க வாய்ப்பில்லை. மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, மூச்சுத்திணறல் என்றே எழுதப்பட்டிருக்கும். ஏற்கெனவே நோயுற்றிருந்த உடலை வெப்பம் மேலும் தள்ளிவிட்டது என்பதைத் தனித்தனிச் சான்றிதழ்கள் காட்டா. மொத்தக் கணக்கே காட்டும். 2010ஆம் ஆண்டின் அந்த வெப்பத்தைத் தொடர்ந்து 2013இல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டத்தைத் தொடங்கியது. அதன்பின் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டதாக 2018இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. இதற்கு வெப்பமே காரணம் என்பது உறுதிப்படுத்தப்பட வேண்டும். ஆகவே, நோயாளி எங்கே, எந்த நேரத்தில், எத்தகைய வெப்பத்தில் இருந்தார் என்பதை மருத்துவரிடம் தெளிவாகக் கூறுவது பராமரிப்பாளரின் முக்கியமான கடமை.

அறிவுரை மாறினால் பொய் என்று பொருளா?

மின்விசிறியை எடுத்துக்கொள்வோம். 35 டிகிரிக்கு மேல் மின்விசிறி பயன்படாது என்று முன்னர் பல வழிகாட்டுதல்கள் கூறின. உலக சுகாதார நிறுவனம் இப்போது 40 டிகிரியை வரம்பாகக் கூறுகிறது. இடையில் ஆய்வுகள் நடந்தன. 2019இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான ஆண்கள் 12 பேரை வெப்ப அறையில் அமரவைத்து அளந்தனர். 40 டிகிரியும் 50 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தபோது மின்விசிறி உடலின் சுமையைக் குறைத்தது. 47 டிகிரி வறண்ட வெப்பத்தில் கூட்டியது. வறண்ட அனல்காற்று, சூளையின் வாயில் நிற்பதைப் போல உடலைச் சுடுகிறது.

அந்த 12 பேரும் இளைஞர்கள். முதியவர்களுக்கு வியர்வை குறைவு என்பதால் அவர்களுக்கு மின்விசிறியின் பயனும் முன்னதாகவே குறைந்துவிடும். அவர்களின் கை, கால், முகத்தை ஈரத்துணியால் துடைத்து, அதன்பின் மின்விசிறியைப் போடுவது நல்லது. அளந்து பார்த்தபின் திருத்தப்படும் அறிவுரை, திருத்தப்படாத அறிவுரையைவிட நம்பத்தக்கது என்பதே எங்கள் கருத்து.

பொது அறிவுரை உங்களுக்குப் பொருந்தாத இடங்கள்

‘தாகம் இல்லாவிட்டாலும் நிறைய நீர் அருந்துங்கள்’ என்பது பொதுமக்களுக்கான சரியான அறிவுரை. இதயச் செயலிழப்பு உள்ளவருக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கும் அது ஆபத்தாக முடியலாம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் பழுதுற்றவரின் இதயத் துடிப்பை அது குலைக்கக்கூடும். உப்பு சர்க்கரைக் கரைசலும் இவர்களுக்கு மருத்துவர் கூறினால் மட்டுமே. கோடை தொடங்கும் முன்பே, ‘வெயில் கடுமையான நாளில் எத்தனை மில்லிலிட்டர் வரை நீர் அருந்தலாம்?’ என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதய நோயாளியின் எடையைத் தினமும் காலையில் உணவுக்கு முன் பாருங்கள். இரண்டு மூன்று நாள்களில் எடை சட்டென ஏறினாலும் இறங்கினாலும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

மருந்துகளிலும் இதே கவனம் தேவை. ‘நீர் மாத்திரை’ எனப்படும் சிறுநீர்பெருக்கிகள், சில இரத்த அழுத்த மருந்துகள், சர்க்கரையைச் சிறுநீர்வழி வெளியேற்றும் நீரிழிவு மாத்திரைகள் ஆகியவற்றை உட்கொள்பவரின் உடலில் நீர்ச்சத்து விரைவில் குறையலாம், தலைச்சுற்றல் வரலாம். மனநல மருந்துகள் சில வியர்வையையும் தாக உணர்வையும் குறைக்கின்றன. லித்தியம் உட்கொள்பவருக்கு நீர்ச்சத்து குறைந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு கூடும். கை நடுக்கம், தள்ளாட்டம், வாந்தி ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றில் எதையும் நீங்களாகவே நிறுத்தாதீர்கள். அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள்.

இன்சுலின் போட்ட இடம் சூடாக இருந்தால் மருந்து விரைவாக உடலில் கலந்து, சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை ஈரம் படாத உறையிலிட்டு, ஈர மணல் சூழ்ந்த மண்பானைக்குள் வையுங்கள். உறைந்துபோன இன்சுலின் பயன்படாது; ஆகவே உறைபெட்டியில் வைக்காதீர்கள்.

பகிரப்படும் செய்திகள்

‘வெயிலில் வந்தவர் குளிர்ந்த நீர் அருந்தினால் இரத்தக் குழாய் வெடிக்கும்’ என்னும் செய்தி ஆண்டுதோறும் வலம் வருகிறது. அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. அதை நம்பி, களைத்து வந்தவருக்குத் தண்ணீர் தராமல் இருப்பதே கேடு. வந்த செய்தியில் தேதி, மாவட்டம், வெளியிட்ட அலுவலகம் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் இவை இருக்கும். ஐயம் இருந்தால் 104 என்ற சுகாதார உதவி எண்ணில் கேட்கலாம்.

உடனே செயல்பட வேண்டிய நிலை

வெப்பத்தில் இருந்தவர் குழம்பிப் பேசினாலோ, வலிப்பு வந்தாலோ, நினைவிழந்தாலோ, அது வெப்பவாதமாக இருக்கலாம். உடல் வியர்த்திருக்கிறது என்பதற்காக அதை விலக்கிவிடாதீர்கள். 108க்கு அழையுங்கள்; வண்டி வரும்வரை காத்திராமல் குளிர்விக்கத் தொடங்குங்கள். நிழலுக்குக் கொண்டுவந்து, ஆடைகளைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் ஈரத்துணியோ பனிக்கட்டிப் பையோ வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவரின் வாயில் நீர் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. நோயாளி வழக்கமாக உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகளையும் மருத்துவச் சீட்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.