கண்ணாடித் தொட்டியில் ஒரு கடல்

சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டிலும், மும்பையில் 1951-ஆம் ஆண்டிலும் பொதுமக்களுக்கென மீன் காட்சிசாலைகள் திறக்கப்பட்டன. இரண்டும் கடலை ஒட்டி அமைந்தவை. தில்லியிலோ நாகபுரியிலோ போபாலிலோ குடியேறியுள்ள நேயர் ஒருவர், தம் வீட்டுக் கூடத்தில் கடல் மீன்களைக் கூட்டமாக நீந்தவிட்டுப் பார்க்க விரும்பினால், மீனை வாங்குமுன் முதலில் கடலையே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதனினும் முக்கியமாக, மீன்கள் ஏன் கூட்டமாக வாழ்கின்றன என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும்.

மீன்கள் கூடி நீந்துவதற்கு முதற்காரணம் அச்சமே. கூட்டத்தில் ஒரு மீன் பகையைக் கண்டாலும் அனைத்தும் கணத்தில் திரும்புகின்றன. ஒரே வடிவும் நிறமும் கொண்ட பல உடல்கள் ஒருங்கே அசையும்போது, இரை தேடி வரும் பெரிய மீனுக்கு எதைப் பற்றுவது என்ற மயக்கம் உண்டாகிறது. இவை ஒன்றோடொன்று மோதாமல் நீந்துவதற்குக் கண்ணும், உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு என்னும் உணர்வுறுப்பும் துணை செய்கின்றன. அருகிலுள்ள மீனின் அசைவால் நீரில் எழும் நுண்ணிய அதிர்வை அந்த உறுப்பு உணர்கிறது.

இந்த உண்மையிலிருந்து மற்றோர் உண்மை பிறக்கிறது. அச்சம் நீங்கினால் கூட்டமும் தளர்கிறது. பகையற்ற தொட்டியில் விடப்பட்ட மீன்கள் சில நாட்கள் நெருங்கி நீந்தும், காண்போர் மகிழ்வர். பிறகு, இனி ஆபத்தில்லை என்று அவை உணர்ந்ததும், தத்தமக்கென இடம் வகுக்கத் தொடங்கும். வலியது மெலியதைத் துரத்தும். பவளப் பாறையின் பரந்த வெளியில் துரத்தப்பட்ட மீன் விலகி ஓடிவிடலாம். நான்கடித் தொட்டியில் அதற்குப் போக்கிடம் ஏது?

நீலமும் பச்சையும் கலந்து மின்னும் குரோமிஸ் என்னும் சிறு மீனே இதற்குத் தக்க சான்று. இது விலை குறைந்தது, அழகியது. அதனால் புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் இதையே வாங்குகின்றனர். ஏழு மீன்களை வாங்கியவர் சில மாதங்களில் ஐந்தைக் காண்கிறார், பின்னர் மூன்று, ஈற்றில் ஒன்று. நோய் என்றும் நீர்க்கேடு என்றும் அவர் எண்ணுகிறார். சில வேளை அது நோயே. யுரோனிமா என்னும் நுண்ணுயிர் இம்மீன்களின் விலாவில் சிவந்த புண்ணை உண்டாக்கி விரைவில் கொல்லும். ஆனால் பல வேளைகளில், மெலிந்த மீன் ஓயாத துரத்தலால் உணவின்றி ஒடுங்கி மடிகிறது. அது மடிந்ததும் அடுத்த மெலிந்த மீன் அந்த இடத்துக்கு வருகிறது.

ஆகையால் மீனைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். கண் சிவந்து, உடலின் பின்பாதியில் புள்ளிகள் கொண்ட பைஜாமா கார்டினல் மீன் அமைதியான இயல்புடையது. ஐந்தாறு மீன்கள் பெரும்பாலும் ஒற்றுமையாக வாழும். ஆந்தியாஸ் இனம் செம்பொன் நிறத்தது. ஓர் ஆணும் பல பெண்களுமாக வாழ்வது. ஆண் இறந்தால் வலிய பெண்ணொன்று ஆணாக மாறிவிடும் என்பது இதன் வியப்பு. ஆனால் நாள்தோறும் பலமுறை உணவு கேட்கும் மீன் இது. அலுவலகம் செல்வோருக்கு ஏற்றதன்று. வெண்வரிகள் ஓடும் கடற்கெளுத்திக் குஞ்சுகள் பந்துபோல் திரண்டு நீந்தும் காட்சியில் மயங்கி அவற்றை வாங்குவோர் உண்டு. அதன் முட்கள் நஞ்சுடையவை. வளர்ந்தபின் அந்தத் திரட்சியும் நீடிப்பதில்லை.

இனி, கடலை உண்டாக்கும் வழியைக் காண்போம். நான்கடி நீளமும், ஒன்றரையடி அகலமும், அதே உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 240 லிட்டர் கொள்ளும். நீரின் எடை மட்டுமே கால் டன்னுக்கு அருகில் வரும். மாடி வீட்டில் குடியிருப்போர் இதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாது. மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியனவும் உரிய அளவில் சேர்ந்த செயற்கைக் கடலுப்பே வேண்டும். குழாய்நீரில் குளோரினும், நிலத்தடி நீரில் கடினத்தன்மையும் இருப்பதால், சுத்திகரித்த நீரில் கரைப்பது நலம். நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கிவிடும். எனவே குறைந்த அளவை உப்பிட்ட நீரால் அன்றி, உப்பில்லாத நன்னீராலேயே நிரப்ப வேண்டும். இந்தச் சிறு விதியை மறந்து மீன்களை இழந்தோர் பலர்.

நீர் ஆயத்தமானவுடன் மீனை விடலாகாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு பிறக்கிறது. பாறையிலும் மணலிலும் குடியேறும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். சிறிதளவு மீனுணவை இட்டு, சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் முற்றிலும் மறையும்வரை காத்திருத்தல் வேண்டும். பின்னர் இரு வாரங்களுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் நைட்ரேட்டும் கட்டுக்குள் இருக்கும்.

வடமாநிலங்களின் தட்பவெப்பம் மற்றொரு சோதனை. இம்மீன்களுக்கு 25 முதல் 27 டிகிரி வெப்பம் ஏற்றது. தில்லியின் கோடையோ 40 டிகிரியைக் கடக்கிறது. குளிர்காலமோ கைவிரல்களை மரக்கச் செய்கிறது. கோடையில் குளிர்விக்கும் சாதனமும், குளிர்காலத்தில் சூடேற்றும் சாதனமும் தேவை. சூடான நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். ஆதலால் கோடையில் மின்சாரம் தடைப்படும் வேளையே பேராபத்தான வேளை. மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றுக் குழலொன்று எப்பொழுதும் கைவசம் இருக்கட்டும்.

வாங்கிய மீன்களை ஒரு மாதம் தனித் தொட்டியில் வைத்து நோயின்மையை உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒத்த அளவுள்ளவற்றை ஒரே நாளில் பெருந்தொட்டிக்கு மாற்ற வேண்டும். பின்னர் ஒன்றிரண்டாகச் சேர்க்கப்படும் புதியவை, பழையவற்றின் துரத்தலுக்கு இலக்காகும். ஒளிந்துகொள்ளப் பல இடுக்குகளும், நீந்துவதற்குத் திறந்த வெளியும் வேண்டும். உப்பளங்களில் வாழும் ஆர்ட்டீமியா போன்ற சிற்றுயிர் உணவை ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகத் தொட்டி முழுவதும் பரவ இட்டால், மெலிந்த மீனுக்கும் பங்கு கிடைக்கும். உணவு வேளையில் மீன்களை எண்ணுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். துடுப்பு கிழிந்து மூலையில் ஒதுங்கும் மீனை அன்றே பிரித்தெடுத்தால் காப்பாற்றலாம்.

ஒரு கடமையையும் நினைவூட்ட வேண்டும். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே தீவுகள் சூழ்ந்த மன்னார் வளைகுடாப் பகுதி 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கல் பவளங்களும் கடற்குதிரைகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. தொட்டிக்கு அழகு சேர்க்கப் பவளத்துண்டை வாங்குவது குற்றத்துக்குத் துணைபோவதாகும்; செயற்கைப் பாறைகளே போதும். கோமாளி மீன்களையும் டாம்சல் இனத்து மீன்கள் சிலவற்றையும் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்விக்கும் முறைகளை மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கண்டுள்ளனர். கடலிலிருந்து பிடித்த மீனைவிட, அவ்வாறு வளர்த்த மீனைக் கேட்டு வாங்குவதே சிறப்பு.

கூட்ட மீன்களுக்கான இடமும் நேரமும் பொறுமையும் இல்லாதவர், ஓர் இணைக் கோமாளி மீன்களோடு நிறைவு கொள்ளலாம். அதில் குறைவொன்றும் இல்லை. எத்தனை மீன்களை வாங்கினோம் என்பதில் பெருமை இல்லை. ஓராண்டு கழித்து எண்ணும்போதும் அத்தனை மீன்களும் உயிரோடு இருக்குமாயின், அதுவே வளர்ப்பவர் பெறத்தக்க பெருமை.