12 ஊர் சொன்ன ஒரே பதில்!



கிராம சபைன்னா ஆகஸ்ட் 15 அன்னைக்குப் பெரியவங்க கையெழுத்துப் போட்டுட்டு வர்ற கூட்டம்னுதான் நான் நினைச்சிருந்தேன். ஒடிசாவின் நியமகிரி மலையைப் பற்றிப் படித்ததும் அந்த எண்ணம் மாறிவிட்டது.

அங்கே டோங்கிரியா கோந்த் என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். மலைதான் அவர்களுக்குச் சாமி. பெயர் நியம ராஜா. மலை உச்சியில் பாக்சைட் இருக்கிறது. அலுமினியம் செய்ய அது வேண்டும் என்று அங்கே சுரங்கம் தோண்டத் திட்டமிட்டார்கள்.

ஆனால் அந்தப் பாறை ஸ்பாஞ்சு மாதிரி! மழைநீரைப் பிடித்து வைத்து, கோடையிலும் ஓடைகளுக்குக் கொடுக்கும். அதை வெட்டி எடுத்துட்டா ஓடைக்கு எங்கே போவது? காடும் போகும். காற்றிலுள்ள கரியமில வாயுவை யார் உறிஞ்சுவது?

மக்கள் விடாமல் போராடினார்கள். ‘கிராம சபைகளைக் கேளுங்கள்’ என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வன உரிமைச் சட்டம் 2006 அதற்குத் துணை நின்றது. 12 ஊர்களில் சபை கூடியது. 12 ஊரும் ‘சுரங்கம் வேண்டாம்’ என்றன! 2014 ஜனவரியில் மத்திய அரசும் அனுமதி மறுத்தது.

அடுத்த கிராம சபைக்கு அப்பாவோட நானும் போகப்போறேன். நம்ம ஊர் ஏரியைப் பற்றிக் கேட்கணும். நீங்களும் வர்றீங்களா?