குதிரைக்கு ஒரு துணை

"ஏறாமல் கெட்டது குதிரை, கேளாமல் கெட்டது கடன்" என்பது நம் பெரியோர் வாக்கு. கடனைக் கேட்டு வாங்கும் பாடு எத்தகையது என்பதைக் குடும்பத் தலைவர் எவரும் அறிவர். பழமொழியின் முற்பாதியையோ இன்று நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஏறிச் செலுத்தப்படாமல் லாயத்திலேயே நிற்கும் குதிரை உடல் பெருத்து, கால் விறைத்து, குணமும் திரிந்து போகின்றது. உடையவருக்கோ அலுவல்கள் பல. நாள்தோறும் இருவேளை அதனைப் பேணவும், வாரத்திற் சில நாட்கள் ஏறி நடத்தவும் அவருக்கு நேரம் வாய்ப்பதில்லை. ஆகவே அவர் தமக்குத் துணையாக இன்னொருவரைத் தேட வேண்டியவராகின்றார். அத்துணைவரைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதே நாம் இங்கு ஆராயப் புகுந்த பொருள்.

"இது செல்வர் வீட்டு விவகாரம், நமக்கென்ன?" என்று வாசகர்கள் எண்ண வேண்டா. வாயில்லாச் சீவன் ஒன்றைப் பிறர் கையில் ஒப்படைக்கும்போது எதனைப் பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் உரிய கேள்வியே. அன்றியும், மலைநாட்டுத் தமிழரின் கதையில் குதிரைக்காரருக்கு ஓர் இடம் உண்டு.

மடுல்கெல்லையின் பழைய குதிரைக்காரர்

கண்டியிலிருந்து வத்தேகமை, பன்வில வழியாகச் செல்லும் பாதை, நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில் ஏறி மடுல்கெல்லையை அடைகின்றது. தோட்டத்து மக்கள் மடுல்கலை என வழங்கும் இவ்வூரைச் சூழ்ந்த சரிவுகள், 19-ஆம் நூற்றாண்டில் முதலிற் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் காடழித்துத் திருத்தப்பட்டவை. கொழும்பிலிருந்து ரயில் கண்டிக்கு வந்தது 1867-இல்; வத்தேகமை வழியாக அது மாத்தளையை எட்டியது 1880-இல். ரயில் வந்த பின்னரும், ஸ்டேஷனிலிருந்து தோட்டத்துக்கு ஏறிச் செல்லவும், மலைக்கு மலை சென்று வேலை பார்க்கவும், அயல் தோட்டத்துப் பங்களாவுக்குப் போய்வரவும் துரைமாருக்குக் குதிரையே உற்ற துணையாய் இருந்தது.

அக்குதிரைகளைப் பேணியவர்களுட் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்களே. விடியுமுன் எழுந்து லாயத்தைக் கூட்டுவதும், கொள்ளை அவித்து வைப்பதும், உடலைத் தேய்த்துத் துடைப்பதும், சேணம் பூட்டுவதும் குதிரைக்காரரின் வேலை. துரை குதிரையின் மேல் முன்னே செல்ல, இவர் கால்நடையாகப் பின்னே ஓடி, அவர் இறங்கும் இடத்திற் கடிவாளத்தைப் பிடித்துக்கொள்வதும் அக்காலத்து வழக்கம்.

குதிரை தங்கும் இடத்துக்கு லாயம் என்று பெயர். தொழிலாளர் தங்கிய இடத்துக்கு லயம் என்று பெயர். முன்னது தமிழில் நெடுங்காலம் வழங்கிவந்த சொல். பின்னது வரிசை என்று பொருள்படும் லைன் என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. பிறப்பால் வேறாயினும் ஒலியால் நெருங்கிய இவ்விரு சொற்களுக்கும் இடையில், நாள்தோறும் நடந்து தேய்ந்தவை குதிரைக்காரரின் கால்கள். துரைமாரின் பெயர்கள் ஏடுகளிலும் கல்லறைகளிலும் நிலைத்துவிட்டன. குதிரைக்காரரின் பெயர்களோ தேடினாலும் எளிதிற் கிட்டா.

20-ஆம் நூற்றாண்டில் மோட்டார் வண்டிகள் மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதும் லாயங்கள் வெறுமையாயின. தந்தை மகனுக்குக் கற்பித்துவந்த அத்தொழிலும் மெல்ல மறைந்தது. ஆகவே, இன்று மடுல்கெல்லைப் பக்கத்தில் ஒருவர் குதிரை வளர்க்க முற்பட்டால், பயின்ற கை ஒன்று அண்டை வீட்டிலேயே கிடைக்கும் என்று எதிர்பார்த்தல் இயலாது. ஏப்ரல் மாத வசந்த காலத்திற் குதிரைப் பந்தயம் நடைபெறும் நுவரெலியாவில், பந்தயக் குதிரைகளைப் பேணிப் பழகியவர்களும், சுற்றுலாப் பயணிகளை மட்டக்குதிரைகளில் ஏற்றிச் செல்பவர்களும் உளர். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடத்திற் பயிலும் மாணவ மாணவியருட் குதிரையில் நாட்டமுள்ளவர் இருக்கக்கூடும். தேடுவோர் இவ்விரு திசைகளிலும் விசாரித்துப் பார்த்தல் நன்று.

குதிரைகள் மாண்ட கதை

பேணத் தெரிந்தவர் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்குத் தமிழர் வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டி நாட்டுக் கரைக்கு வந்த வெனிஸ் நகர யாத்திரிகர் மார்க்கோ போலோ, அந்நாட்டரசர் ஆண்டுதோறும் 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளைக் கடல் கடந்து வரும் வணிகரிடம் வாங்கினார் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் 100 கூட எஞ்சுவதில்லை என்றும் எழுதியுள்ளார். அதற்கு அவர் கூறும் காரணம், குதிரையைப் பேணும் முறை அங்கு தெரியவில்லை என்பதே. குதிரை வைத்தியரை வணிகர்கள் தம்முடன் அழைத்து வரவில்லை; பிறர் வருவதையும் தடுத்தனர். பழைய குதிரை மாண்டால் அல்லவோ புதிய குதிரை விலைபோகும்! எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். தட்பவெப்பமும் ஒரு காரணமாய் இருக்கலாம். ஆயினும் பாடம் தெளிவானது. பொற்காசு குதிரையை வாங்கும். அதனை உயிரோடு வைத்திருப்பது அறிந்தவர் கை.

நம் முன்னோர் கதைகள் இத்தொழிலை இழிவாகக் காட்டவில்லை. அஞ்ஞாதவாசத்தின்போது விராட மன்னனிடம் குதிரைகளைப் பேணும் பொறுப்பை ஏற்றவன் பாண்டவருள் ஒருவனான நகுலன். மாணிக்கவாசகரின் பொருட்டு மதுரைக்குக் குதிரைச் சேவகனாக வந்தவர் சிவபெருமானே என்பது திருவிளையாடல். அப்படி வந்த குதிரைகள் அன்றிரவே நரிகளாய் மாறிய கதையைச் சிறுவரும் அறிவர். பகலில் பார்த்த பார்வையைக் கொண்டு மட்டும் எதனையும் முடிவு செய்துவிடலாகாது என்று அக்கதைக்கு ஒரு பொருளும் கொள்ளலாம். குதிரைக்குத் துணை தேடுவோர்க்கு அது மிகவும் பொருந்தும்.

முதற் சோதனை தரையில்

"எனக்குக் குதிரை ஏறத் தெரியும்" என்று சொல்லி வருபவரை உடனே சேணத்தில் ஏற்றிவிடலாகாது. முதலில் அவர் குதிரையை அணுகும் விதத்தைக் கவனிக்க வேண்டும். குதிரைக்குப் பக்கப் பார்வை மிக அகலமானது. ஆயினும் தன் வாலுக்கு நேர் பின்னும் மூக்குக்கு நேர் முன்னும் உள்ளது அதற்குத் தெரியாது. பழகியவர் குரல் கொடுத்துக்கொண்டே தோள் பக்கமாக வருவார். பின்புறமாகச் சென்று திடீரெனத் தொடமாட்டார். நான்கு குளம்புகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுத்தம் செய்யச் சொன்னால், அவர் பொறுமையின் அளவு ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

அடுத்து, அவர் கண் எங்கே செல்கின்றது என்பதைப் பார்க்க வேண்டும். தொட்டியில் நீர் குறைந்திருக்கின்றதா, தீனி மிச்சம் கிடக்கின்றதா, சாணம் வழக்கம்போல் விழுந்திருக்கின்றதா என்று நோக்குபவரே அறிந்தவர். ஏறத்தாழ 400 கிலோ நிறையுள்ள குதிரைக்கு, ஈரத்தை நீக்கிக் கணக்கிட்டால், நாளொன்றுக்குச் சுமார் 8 கிலோ தீனி வேண்டும். அதிற் பெரும்பகுதி புல்லாகவே இருத்தல் வேண்டும். நீர் 20 முதல் 40 லீற்றர் வரை செல்லும். அதன் இரைப்பை சிறியதாகையால், தீனியைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுத்தலே முறை. ஓய்வில் நிற்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும்.

குதிரையால் வாந்தி எடுக்க இயலாது என்பதையும் துணைவர் அறிந்திருத்தல் அவசியம். ஆதலால் வயிற்றுவலி அதற்கு உயிராபத்தாக முடியலாம். தரையைக் காலாற் கீறுவதும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதும், படுத்துப் புரள்வதும், தீனியை வெறுப்பதும் அதன் அடையாளங்கள். அவற்றைக் கண்டதும் கைமருந்திற் காலம் கடத்தாமல் கால்நடை வைத்தியரை அழைப்பவரே நமக்கு வேண்டியவர்.

மலைநாட்டின் தனிச் சிக்கல்கள்

சமவெளியிற் பழகியவருக்கும் மடுல்கெல்லை போன்ற இடத்திற் புதிதாகக் கற்க வேண்டியவை சில உண்டு. மழையும் பனிமூட்டமும் மிகுந்த இங்கு லாயத்தின் தரை ஈரமாகவே இருந்தால், குளம்பின் அடிப்பகுதி அழுகி நாற்றமெடுக்கும். கணுக்காலில் அப்பிய சேறு புண்ணாகும். புல்வெளிக்குப் போய் வந்தால் அட்டையும் உண்ணியும் தொற்றியுள்ளனவா என்று கால், வயிறு, காது எங்கும் தடவிப் பார்க்க வேண்டும். 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்கித் திருத்தவும் ஆள் வேண்டும்.

மேய்ச்சலிலும் எச்சரிக்கை தேவை. மலைச்சரிவிற் படர்ந்திருக்கும் உண்ணிச்செடியும், பிரேக்கன் எனப்படும் பெரணிச் செடியும் குதிரைக்கு நஞ்சு. தேயிலை மலையோரத்துப் பசும்புல் கண்ணுக்குக் குளிர்ச்சியாய் இருக்கலாம். அங்கே களைகொல்லி தெளித்திருந்தாலோ அதுவே எமனாகும். ஆகவே, புல் அறுக்குமுன் எந்த மலைக்கு எப்போது மருந்தடித்தார்கள் என்று தோட்டத்தில் விசாரித்து அறியும் பழக்கம் துணைவரிடம் இருத்தல் நலம்.

ஏறும் முன்னர்

தரையில் தேறியவரைத்தான் சேணத்தில் ஏற்ற வேண்டும். ஏறுபவரின் நிறையும் சேணத்தின் நிறையும் சேர்ந்து, குதிரையின் நிறையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பது பொதுவாகக் கொள்ளப்படும் வரம்பு. 400 கிலோ குதிரைக்கு அது 80 கிலோ. 250 கிலோ மட்டக்குதிரைக்கு 50 கிலோதான். ஆள் நல்லவரே ஆயினும் நிறை மிகுந்தால், அவர் பேணும் வேலையை மட்டும் ஏற்கலாம்.

முதற் சில நாட்கள் வேலியிட்ட சமதரையில், உடையவர் கண்முன்னே நடையும் மெல்லோட்டமும் போதும். பின்னரே தோட்டப் பாதை. அதற்கும் பின்னரே பஸ்ஸும் முச்சக்கர வண்டியும் வளைவுக்கு வளைவு வந்து திரும்பும் தார் வீதி. செங்குத்தான இறக்கத்தில் இறங்கி நடத்திச் செல்வதிற் குறைவொன்றும் இல்லை. தலைக்கவசம் இன்றி எவரும் ஏறலாகாது. மேலும், உடையவரும் துணைவரும் ஒரே சொல்லையும் ஒரே சைகையையும் கையாளுதல் வேண்டும். ஒருவர் "நில்" என்பதற்கு இழுக்கும் கடிவாளத்தை மற்றவர் "திரும்பு" என்பதற்கு இழுத்தால், குழம்பிப்போன குதிரையைக் குணங்கெட்டது என்று பழிப்பது அநியாயம் அன்றோ?

பேச்சும் எழுத்தும்

நட்பாகத் தொடங்கும் ஏற்பாடுகள் பல, பேசாமல் விட்ட சிறு விஷயங்களால் மனக்கசப்பில் முடிகின்றன. எந்தெந்த நாளில் வருவது, ஒரு முறைக்கு எவ்வளவு நேரம் ஏறுவது, ஊதியம் எவ்வளவு, ஊதியத்துக்குப் பதிலாகச் சவாரியானால் அதன் அளவு என்ன, லாடத்துக்கும் வைத்தியத்துக்கும் யார் செலவு செய்வது, விழுந்து காயமுற்றால் பொறுப்பு யாருடையது என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுதல் நன்று. துணைவர் வயது நிரம்பாத மாணவரானால் பெற்றோரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். முதல் மாதத்தைப் பரீட்சை மாதமாகக் கொள்ளலாம். லாயத்தில் ஒரு குறிப்புப் புத்தகம் தொங்கட்டும். தின்றது, குடித்தது, ஓடியது, நொண்டியது யாவற்றையும் இருவரும் அதிற் குறிக்கட்டும்.

இவை எல்லாவற்றிலும் மேலான நிபந்தனை ஒன்று உண்டு. "இன்று குதிரைக்கு உடல் சரியில்லை, ஏற வேண்டா" என்று சொல்லும் உரிமை துணைவருக்கு இருத்தல் வேண்டும். உடையவர் அதற்குச் செவிசாய்த்தலும் வேண்டும். குதிரையின் கால் சூட்டையும் கண் சோர்வையும் முதலில் உணர்வது நாள்தோறும் அதனைத் தொட்டுத் துடைக்கும் கையே. அக்கை உணர்ந்ததை வாய் திறந்து சொல்ல முடியாத இடத்தில், எவ்வளவு தேர்ந்த துணைவர் இருந்தும் பயனில்லை.

சேணத்தின் பின்னே மூச்சிரைக்க ஓடிய அன்றைய குதிரைக்காரர், குதிரை நொண்டுவதை முதலிற் கண்டிருப்பார். அதனைத் துரையிடம் துணிந்து சொல்லும் நிலை அவருக்கு எத்தனை நாள் வாய்த்திருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும். இன்று துணை தேடுபவர் கூலியோடு மதிப்பையும், வேலையோடு வாக்குரிமையையும் சேர்த்துக் கொடுப்பாராயின், நல்ல துணை அவருக்குக் கிட்டும்; குதிரையும் ஏறாமற் கெடாது, ஏறியும் கெடாது.