உப்புத்தாளின் பின்பக்கம்

பழைய தேக்கு நாற்காலிக்கு வார்னிஷ் அடிக்கப் போகிறீர்களா? உப்புத்தாள் வாங்கும்போது அதன் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். எண் கூடக்கூட தாள் நைஸ். பழைய பூச்சை எடுக்க 80. பிறகு 120, 180, கடைசியில் 220. 80-லிருந்து நேரே 220-க்குத் தாவினால், முதல் தாள் போட்ட கீறல் அப்படியே நிற்கும். வார்னிஷ் ஏறிய பிறகுதான் அது பளிச்சென்று தெரியும். அந்த நேரத்தில் தெரிந்து என்ன பயன்? மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே இழுத்த கோடு லேசில் போகாது.

இரும்பு கேட்டுக்குத் தாள் வேறு. துருவைச் சுரண்ட, துணியில் ஒட்டிய எமரி. பெயின்டுக்கு முன் வழவழப்பாக்க, கறுப்பு வாட்டர் பேப்பர். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் உடனே துடைத்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் மறுபடி துருதான்.

ஒன்று மட்டும் கட்டாயம்: இரும்பில் தேய்த்த தாளை மரத்தில் வைக்கவே வைக்காதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் இரும்புத்தூள், தேக்கு போன்ற மரங்களிலுள்ள டானின் என்ற வேதிப்பொருளோடு சேர்ந்து, ஈரம் பட்டதும் கருங்கறையாகிவிடும்.

தேய்க்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது.