சர்க்கரை இறங்கிய ஷாம்பெயின்

2010 ஜூலையில் பின்லாந்தின் ஆலந்து தீவுகளுக்கு அருகே, பால்டிக் கடலுக்கடியில் கிடந்த ஒரு பழைய கப்பலைச் சுழியோடிகள் கண்டுபிடித்தார்கள். உள்ளே 168 பாட்டில் ஷாம்பெயின். லேபிள் எதுவும் மிஞ்சவில்லை. தக்கையை எடுத்துப் பார்த்த பிறகுதான் எது யாருடைய சரக்கு என்று தெரிந்தது. சில தக்கைகளில் வால்நட்சத்திரம் ஒன்று சூட்டுக்கோலால் பொறிக்கப்பட்டிருந்தது. அது வவ் க்ளிக்கோ நிறுவனத்தின் முத்திரை. 1811-ல் ஐரோப்பிய வானில் வால்நட்சத்திரம் தெரிந்தது. அந்த ஆண்டு திராட்சையும் அமோகமாக விளைந்தது. அதையே அவர்கள் அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். கப்பல் மூழ்கி 170 ஆண்டுகள் இருக்கும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். அந்தச் சரக்கில் ஒரு பாட்டில் மட்டும் 2011-ல் 30,000 யூரோவுக்கு ஏலம் போனது.

ருசி பார்த்தவர்களுக்கு முதலில் வந்தது ஈர முடியின் வாடையும் பழைய சீஸ் வாடையும். கோப்பையைச் சுழற்றிக் காற்றுப்பட விட்டதும் புகையும் பதனிட்ட தோலும் கலந்த மணம் எழுந்ததாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது பரிசோதனைக்கூடத்தில் கிடைத்த எண். ரெய்ம்ஸ் பல்கலைக்கழகத்தின் பிலிப் ஜாந்தே குழு 2015-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த ஷாம்பெயினில் லிட்டருக்கு ஏறத்தாழ 150 கிராம் சர்க்கரை இருந்தது. இன்றைய கோலாவில்கூடச் சுமார் 106 கிராம்தான். இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான ஷாம்பெயின் ‘ப்ரூட்’ வகை; அதில் 12 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம்.

இருநூறு ஆண்டுகளில் ஷாம்பெயினில் நடந்த மாற்றங்களில் பெரியது இதுதான். கொண்டாட்டத்துக்கோ பரிசுக்கோ ஷாம்பெயின் வாங்கப் போகிறவர், பெட்டியின் பளபளப்பையும் நிறுவனத்தின் பெயரையும் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

சர்க்கரையை யார் ஏற்றினார்கள், யார் இறக்கினார்கள்? இரண்டும் வாங்கியவர்கள் செய்த வேலை. அந்தக் காலத்தில் ஷாம்பெயின் சாப்பாடு முடிந்து, பழமும் பலகாரமும் வரும்போது வரும். ரஷ்யர்களுக்கு எவ்வளவு இனிப்பு இருந்தாலும் போதாது. லிட்டருக்கு 300 கிராம் வரை கேட்டார்கள். 27 வயதில் கணவரை இழந்து வியாபாரத்தைக் கையில் எடுத்த பார்ப்-நிக்கோல் க்ளிக்கோ, 1814-ல் நெப்போலியன் வீழ்ந்த கையோடு, மற்ற வியாபாரிகள் யோசித்துக்கொண்டிருந்தபோதே 10,000-க்கும் மேற்பட்ட பாட்டில்களை ரஷ்யச் சந்தைக்குக் கப்பலேற்றினார். பிறகு பல பத்தாண்டுகள் ரஷ்யாவின் நாக்குதான் ஷாம்பெயினின் ருசியைத் தீர்மானித்தது.

இங்கிலாந்துக்காரர்களிடம் சாப்பாட்டின் கடைசியில் குடிக்க ஏற்கெனவே போர்ட் ஒயின் இருந்தது. சாப்பாட்டோடு குடிக்கத் தோதான, இனிப்பில்லாத ஒன்றைத்தான் அவர்கள் கேட்டார்கள். இன்னொரு கைம்பெண்ணான லூயீஸ் பொம்மெரி அதற்குத் துணிந்து 1874-ன் விளைச்சலில் ஒரு ப்ரூட் வகையைச் செய்தார். சர்க்கரையைக் குறைப்பது சின்ன வேலையில்லை. புளிப்பையும் குறைகளையும் மூடி மறைத்துக்கொண்டிருந்தது அதுதான். அது போனால் பழம் நன்றாகப் பழுத்திருக்க வேண்டும், பாட்டில் நிலவறையில் கூடுதல் காலம் கிடக்க வேண்டும். லண்டன் ஏற்றுக்கொண்டது. பிறகு உலகமே அந்தப் பக்கம் திரும்பியது.

நுரையின் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். டோம் பெரின்யோன் என்ற துறவி ஷாம்பெயினைக் கண்டுபிடித்து, ‘நட்சத்திரங்களைக் குடிக்கிறேன்’ என்று கூவினார் என்பது பிற்காலத்தில் விற்பனைக்காகக் கட்டிய கதை. ஓவிலே மடத்தில் 1668 முதல் 1715 வரை நிலவறைக்குப் பொறுப்பாக இருந்த அந்த மனிதர், ஒயினில் நுரை வராமல் தடுக்கத்தான் பாடுபட்டார். அவர் அந்தப் பொறுப்புக்கு வருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1662-ல், ஒயினில் சர்க்கரை சேர்த்து நுரைக்க வைப்பதைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் கிறிஸ்டோபர் மெரெட் கட்டுரை அளித்துவிட்டார். நிலக்கரி உலையில் வார்த்த உறுதியான கண்ணாடியும் ஆங்கிலேயரிடம்தான் இருந்தது. நுரையைத் தாங்கும் பாட்டில் இல்லாமல் நுரையை வைத்து என்ன செய்வது?

ஒயினைப் பாட்டிலில் அடைத்து எடுத்துச்செல்ல பிரெஞ்சு அரசு 1728-ல்தான் அனுமதி தந்தது. அடுத்த ஆண்டே ருய்னார் நிறுவனம் பிறந்தது. ஆனாலும் நிலவறை அபாயமான இடமாகவே இருந்தது. உள்ளே 6 வளிமண்டல அழுத்தம். ஒரு பாட்டில் வெடித்தால் அதன் சில்லு பட்டுப் பக்கத்துப் பாட்டிலும் வெடிக்கும். வேலையாட்கள் முகத்தில் இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். எவ்வளவு சர்க்கரைக்கு எவ்வளவு அழுத்தம் என்பதை 1830-களில் கணக்கிட்டுச் சொன்னவர் ஷாலோன் ஊரின் மருந்துக்கடைக்காரர் ழான்-பாப்திஸ்த் ஃபிரான்ஸுவா. தக்கையைப் பிடித்துவைக்கும் கம்பிக் கூடு 1844-ல் வந்தது.

இன்னொரு சிக்கல், பாட்டிலுக்குள்ளேயே நுரைக்க வைப்பதால் தேங்கும் ஈஸ்ட் மண்டி. இதற்கு வழி கண்டது க்ளிக்கோ அம்மையாரின் நிலவறை. மேசையில் துளைகள் போட்டு, பாட்டில்களைக் கழுத்து கீழே இருக்கும்படி செருகி, தினமும் கொஞ்சம் திருப்பிக் கொஞ்சம் சாய்த்தார்கள். வாரக்கணக்கில் இப்படிச் செய்தால் மண்டி முழுக்கத் தக்கையருகே இறங்கிவிடும். சட்டென்று திறந்தால் அது தெறித்து வெளியேறும். வெளியேறிய அளவுக்குச் சர்க்கரை கலந்த ஒயினை ஊற்றி மறுபடி அடைப்பார்கள். இனிப்பு எவ்வளவு என்பது முடிவாவது இந்தக் கடைசி ஊற்றில்தான். பாட்டிலின் அடியில் சுண்ணாம்புக் கோடு போட்டு, இரு கையாலும் இரண்டு பாட்டிலாகத் திருப்பிக்கொண்டே போகும் தேர்ந்த ஆள், ஒரே நாளில் 40,000 பாட்டில் வரை திருப்புவாராம். 1970-களுக்குப் பிறகு அந்த வேலையை இயந்திரக் கூண்டு எடுத்துக்கொண்டது. ஒரு கூண்டில் 500 பாட்டில். வாரக்கணக்கான வேலை ஒரே வாரத்தில் முடிந்துவிடும். ருசியில் வித்தியாசம் இல்லை. கையால் திருப்பியது என்பதற்காகக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

கொண்டாட்டம் என்றாலே ஷாம்பெயின் என்று ஆனது எப்படி? பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடியது ஷாம்பெயின் வட்டாரத்திலுள்ள ரெய்ம்ஸ் தேவாலயத்தில். ஊர்ப் பெயரில் அரச வாசனை முன்பே ஒட்டியிருந்தது. 19-ஆம் நூற்றாண்டு வியாபாரிகள் அந்த வாசனையை நடுத்தர வகுப்புக்கு விற்றார்கள். ரயில் வந்தது, லேபிள் வந்தது, விளம்பரம் வந்தது. 1889 பாரிஸ் கண்காட்சிக்கு எஜென் மெர்சியே, இரண்டு லட்சம் பாட்டில் கொள்ளும் ஒற்றைப் பீப்பாயை எப்பர்னேயிலிருந்து 24 எருதுகள் பூட்டி இழுத்துப்போனார். அந்தக் கண்காட்சியில் திறந்த ஈஃபிள் கோபுரத்துக்கு அடுத்தபடியாக ஊர் பேசியது அந்தப் பீப்பாயைத்தான். திருமணம், கப்பல் வெள்ளோட்டம், புத்தாண்டு என்று ஒவ்வொன்றிலும் நுரையைக் கொண்டுபோய் வைத்தது இந்த விற்பனைச் சாமர்த்தியம்.

நம்மில் பலருக்கு ஷாம்பெயின் என்றால் கண்முன் வருவது வெற்றிமேடையில் பீய்ச்சியடிக்கும் காட்சி. 1967-ல் லெ மான்ஸ் பந்தயத்தில் வென்ற டான் கர்னி ஆரம்பித்துவைத்தது அது. குறைந்தது 15 மாதம் நிலவறையில் கிடக்க வேண்டும் என்று சட்டம் போட்டு வளர்த்த சரக்கைச் சட்டை மேல் ஊற்றிக்கொள்வதை என்னால் ரசிக்க முடிந்ததில்லை.

இந்தப் பகட்டின் அடியில் பழத்தை விளைவித்தவன் எப்படி இருந்தான்? 1911-ல் ஆய் என்ற சிற்றூரில் திராட்சை விவசாயிகள் கலகத்தில் இறங்கினார்கள். பூச்சியும் மோசமான விளைச்சலும் அவர்களை வாட்ட, சில நிறுவனங்கள் வெளியூர்த் திராட்சையை மலிவாகக் கொண்டுவந்து ஷாம்பெயின் என்று விற்றன. விவசாயிகள் நிறுவனங்களின் நிலவறைகளை உடைத்தார்கள், ஒயின் தெருவில் ஓடியது, ராணுவம் வந்தது. எந்த நிலத்துப் பழம் ஷாம்பெயின் ஆகலாம் என்று எல்லை வரையறுத்த 1927-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னால் இந்தக் கோபம் இருக்கிறது.

இன்று அந்த விவசாயியின் பேரன் பேத்தி தன் பெயரிலேயே பாட்டில் அடைக்கிறார். லேபிளில் பொடி எழுத்தில் ஒரு பதிவு எண் இருக்கும். அதற்கு முன்னால் இரண்டு எழுத்து. ‘என்.எம்.’ என்றால் பழத்தை வெளியிலும் வாங்கித் தயாரிக்கும் நிறுவனம். பெரிய பெயர்கள் எல்லாம் இதில்தான். ‘சி.எம்.’ கூட்டுறவுச் சங்கம். ‘ஆர்.எம்.’ என்றால் தன் தோட்டத்துப் பழத்தில் தானே தயாரிக்கும் விவசாயி. ஒயினில் ஈடுபாடு உள்ள நண்பருக்குப் பரிசு வாங்குகிறீர்கள் என்றால் ஆர்.எம். பாட்டிலைத் தேடுங்கள். விளம்பரச் செலவு விலையில் ஏறாததால் அதே காசுக்கு நல்ல சரக்கு கிடைக்கும். ஒயின் பழக்கமில்லாத மேலதிகாரிக்குக் கொடுப்பது வேறு கதை. அங்கே தெரிந்த பெயர்தான் எடுபடும். அதில் தப்பில்லை.

வானிலையும் மாறிவிட்டது. வடக்கே இருக்கும் ஷாம்பெயின் வட்டாரத்தில் முன்பெல்லாம் திராட்சை பழுக்கவே படாத பாடு படும். அறுவடை செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும்கூட நடக்கும். 2003-க்குப் பிறகு ஆகஸ்ட்டிலேயே பழம் பறித்த ஆண்டுகள் பல. முப்பது ஆண்டுகளில் அறுவடை இரண்டு வாரத்துக்கும் மேலாக முன்னே வந்துவிட்டது. பழம் தானே இனிப்பதால் கடைசியில் ஊற்றும் சர்க்கரை இன்னும் குறைகிறது. 3 கிராமுக்கும் குறைவான ‘ப்ரூட் நாச்சூர்’ இப்போது நாகரிகம். தெத்தாஞ்ஜே நிறுவனமோ இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் நிலம் வாங்கித் தோட்டம் போட்டுவிட்டது. விற்பனையும் ஏறி இறங்குகிறது: 2022-ல் 32 கோடிக்கும் மேற்பட்ட பாட்டில் போனது, 2024-ல் ஏறத்தாழ 27 கோடி.

வாங்கும்போது ஏமாற்றும் லேபிள் ஒன்று உண்டு: ‘எக்ஸ்ட்ரா ட்ரை’. ப்ரூட்டைவிட இனிப்பில்லாதது என்று நினைத்துத்தான் எடுப்பார்கள். அதில் 12 முதல் 17 கிராம். ப்ரூட்டைவிட இனிப்பு கூடுதல். எல்லாமே பாகாக இருந்த காலத்தில் வைத்த பெயர், அப்படியே தங்கிவிட்டது.

இன்றைய விருந்துகளில் பெரிய பிழை கேக்குக்குப் பக்கத்தில் ப்ரூட்டை வைப்பது. பாரிசிலும் லண்டனிலும் உள்ள நம்மவர் வீட்டுப் பிறந்தநாள்களிலும் இதைப் பார்க்கலாம். கிரீமைத் தின்ற நாக்கில் ப்ரூட் பட்டால் எலுமிச்சைச் சாறாகப் புளிக்கும். வந்தவர்கள் முகத்தைச் சுளித்துவிட்டுக் கோப்பையை ஓரமாக வைப்பார்கள். தாத்தா காலத்து ஆட்கள் செய்தது சரி: இனிப்போடு இனிப்பு. கேக் வெட்டும் விழாவுக்கு 32 முதல் 50 கிராம் சர்க்கரை உள்ள ‘டெமி செக்’ வாங்குங்கள். ப்ரூட்டைச் சாப்பாட்டுக்கு முன்னால், உப்பும் மொறுமொறுப்புமான எதோடும் கொடுங்கள். வறுத்த முந்திரிக்கும் உருளைச் சிப்ஸுக்கும் அது அபாரமாகப் பொருந்தும்.

கோப்பையிலும் மாற்றம். அகலமான தட்டைக் கோப்பை போய் ஒல்லியான ஃபுளூட் வந்தது. இப்போது நடுவில் பருத்து வாய் குவிந்த டியூலிப் வடிவத்தை ஒயின்காரர்கள் பரிந்துரைக்கிறார்கள். மணம் தங்குவதால் நானும் அந்தக் கட்சி. தட்டைக் கோப்பை மரீ அன்துவானெத் அரசியின் மார்பளவில் வார்த்தது என்பது வெறும் கதை. 8 முதல் 10 டிகிரிக்குக் குளிர வையுங்கள். தக்கையை அசையாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருகுங்கள். ‘டப்’ என்ற வெடிச்சத்தம் தேவையில்லை; அது நுரையும் காசும் வெளியேறும் சத்தம். கோப்பையைச் சாய்த்து ஊற்றினால் நுரைக்காற்று கூடுதலாகத் தங்கும் என்று ரெய்ம்ஸ் இயற்பியலாளர் ஜெரார் லிஜே-பெலேரின் குழு 2010-லேயே அளந்து காட்டியிருக்கிறது.

நிறமில்லாத பாட்டில் கடையின் விளக்கு வெளிச்சத்தில் நிற்பதைப் பார்த்தால் எடுக்காதீர்கள். வெளிச்சம் ஒயினைக் கெடுக்கும். ஜார் மன்னருக்காக 1876-ல் தெளிந்த கண்ணாடியில் செய்த க்ரிஸ்டால் ஷாம்பெயின் இன்றும் மஞ்சள் தாள் சுற்றி வருவது அதனால்தான்.

பரிசாகக் கொடுப்பதற்கு முன், பெறுபவர் வீட்டில் குடிக்கும் வழக்கம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2022 ஆஷஸ் கிரிக்கெட் வெற்றிமேடையில் மது தொடாத உஸ்மான் கவாஜா ஒதுங்கி நின்றதைக் கண்ட ஆஸ்திரேலிய அணித்தலைவர் பாட் கம்மின்ஸ், ஷாம்பெயினைக் கீழே வைக்க அணியினரிடம் சொல்லி அவரைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். உங்களுக்கு யாராவது பரிசாகக் கொடுத்தால், நல்ல நாள் வரட்டும் என்று அலமாரியில் பூட்டிவைக்காதீர்கள். ஆண்டு போடாத சாதாரண ப்ரூட், கடைக்கு வரும்போதே குடிக்கத் தயாரானது. இரண்டு மூன்று ஆண்டுக்குள் திறந்துவிடுங்கள்.